இலையை முறித்துப் பாருங்கள்: யாழ்ப்பாணத்து மரஞ்செடிகளை இனங்காணும் வழி

மரங்களை இனங்காணப் பழக விரும்புகின்றவர் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கதியால் (உயிருள்ள கொப்புகளை நட்டு வளர்த்த) வேலி இன்னும் எஞ்சியிருக்கும் ஒழுங்கை ஒன்று யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது கிடைத்தால் அதுவே போதும். கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவை கதியால்களாக வரிசையில் நிற்க, அவற்றின் அடியில் ஆடாதோடையும் நொச்சியும், மூலையில் ஒரு வேம்பும் ஒரு வடலியுமாக (இளம்பனை), சிறிது தூரத்துக்குள்ளேயே ஏழெட்டு இனங்கள் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். குழைக்காக அடிக்கடி வெட்டப்படுவதால் அவற்றின் இலைகள் கண்ணுக்கு நேரே இருக்கும். முதிர்ந்த பட்டையையும் இளந்தளிரையும் ஒரே மரத்தில் ஒருங்கே பார்க்கலாம். மதில்கள் எழுந்து வேலிகள் அருகிவருவதால் இந்தப் பயிற்சிக்குரிய இடமும் சுருங்கி வருகின்றது. வேலி உள்ள ஊரவர் அதைக் காலந்தாழ்த்தாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இங்கே சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரு மரத்துக்குப் பெயர் சொல்வதற்கு முன், ஒன்றையொன்று சாராத மூன்று அடையாளங்களாவது ஒத்துவர வேண்டும். இலையின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்கின்றவர் எளிதில் தவறிவிடுவார். ஏனெனில், உறவே இல்லாத மரங்கள் ஒரே வடிவ இலையைக் கொண்டிருக்கும், ஒரே மரத்திலும் நிழலில் வளர்ந்த கொப்பின் இலை அகன்றும் வெயிலில் வளர்ந்த கொப்பின் இலை சிறுத்தும் இருக்கும், வெட்டிய அடிமரத்திலிருந்து கிளம்பும் புதுத்தளிரின் இலையோ வழக்கத்தை விட இரு மடங்கு பெரிதாகவும் வரும். வடிவம் நம்மை ஏமாற்றும் இடத்தில் பாலும் மணமும் பட்டையும் காயும் கைகொடுக்கும்.

இலை

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, கையில் இருப்பது முழு இலையா அல்லது இலையின் ஒரு பகுதியா என்பதாகும். வேம்பிலிருந்து நாம் பறிக்கும் சிறிய, அரிவாள்போல் வளைந்த, பல் விளிம்புடைய துண்டு ஓர் இலையன்று. அது ஒரு சிற்றிலை. பல சிற்றிலைகள் இரு புறமும் அமைந்த அந்த முழு ஈர்க்கே வேம்பின் இலை. இதை உறுதிசெய்யக் கக்கத்தைப் பார்க்க வேண்டும். இலைக்காம்பு கொப்போடு சேருமிடத்தின் மேற்புறத்தில் ஓர் அரும்பு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேருமிடத்தில் எந்த அரும்பும் இராது. முருங்கையையும் புளியையும் முள்முருக்கையும் இவ்வாறு ஒருமுறை சோதித்துப் பார்த்தவருக்கு அதன் பிறகு ஐயம் எழாது.

நெல்லி இங்கே நல்லதொரு பொறி. அதன் மெல்லிய சிறுகொப்பு பார்வைக்குப் புளியின் கூட்டிலை போலவே தோன்றும். சில வேளைகளில் அந்தச் சிறுகொப்பு முழுவதுமாக உதிர்ந்தும் விடும். ஆயினும் பூக்கும் காலத்தில் ஒவ்வொரு சிறிய இலையின் அடியிலும் பூக்கள் வந்து, பின்னர் அங்கேயே காய் தொங்கும். சிற்றிலையின் அடியில் பூ வராது. ஆகவே அவை ஒவ்வொன்றும் தனி இலைகளே என்று துணியலாம்.

அடுத்து, இலைகள் கொப்பில் எவ்வாறு ஒழுங்காகியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நாவல், புன்னை, தேக்கு, மஞ்சவண்ணா, நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, எருக்கு ஆகியவற்றில் ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். பூவரசு, ஆல், அரசு, மா, இலுப்பை ஆகியவற்றில் கணுவுக்கு ஓர் இலையாக ஒன்றுவிட்டு ஒன்று வரும். இந்த ஒரே கேள்வி ஐயத்துக்குரிய பெயர்களிற் பெரும்பகுதியைத் தள்ளிவிடும் என்பதால், பெயர் தெரியாத எந்தச் செடியின் முன் நின்றாலும் நான் முதலில் கேட்பது இதையே. கொப்பின் நுனியில் இலைகள் நெருங்கியிருக்கும்; அங்கே பார்க்காமல், இரண்டு மூன்று சாண் கீழே, கணுக்கள் விலகியுள்ள இடத்திற் பார்க்க வேண்டும்.

பின்னர் இலையை முறிக்க வேண்டும். காம்பில் வெள்ளைப் பால் வந்தால் ஆல், அரசு, அத்தி, பாலை, இலுப்பை, அலரி, எருக்கு, கள்ளி என்று எல்லை உடனே குறுகிவிடும். பால் வராவிட்டால் இலையைக் கசக்கி முகர வேண்டும். மாவிலையின் பிசின் மணத்தையும் நொச்சியின் காரமான மணத்தையும் ஒரு முறை அறிந்த மூக்கு மறவாது. கறிவேப்பிலை, விளாத்தி, வில்வம், எலுமிச்சை, முதிரை ஆகியவை ஒரே குடும்பத்தவை. இவற்றின் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஊசியாற் குத்தியது போன்ற ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கறிவேப்பிலையையும் வேம்பின் இளங்கன்றையும் பிரித்தறியத் தடுமாறும் சிறுவர்களுக்கு இந்தப் புள்ளிகளைக் காட்டினால் அவர்கள் மகிழ்ந்துபோவார்கள். வேம்பில் அப்புள்ளிகள் இரா. வேம்பும் மலைவேம்பும் பெயரால் நெருங்கியிருந்தாலும், வேம்பின் ஈர்க்கு ஒரு முறை மட்டுமே பிரியும். மலைவேம்பின் ஈர்க்கோ மீண்டும் கிளைத்து, அக்கிளைகளிலேயே சிற்றிலைகளைத் தாங்கும்.

நரம்புகளையும் விளிம்பையும் தடவிப் பார்ப்பது நல்லது. இலந்தையின் இலையில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் புறப்பட்டு நுனியை நோக்கிச் செல்லும். இலையின் கீழ்ப்புறம் வெண்மையான மயிர் படர்ந்திருக்கும். புன்னையின் பக்க நரம்புகள் மயிரிழை போல எண்ணற்றவையாக ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். நாவலின் பக்க நரம்புகளின் முனைகளை ஒரு மெல்லிய நரம்பு விளிம்பை ஒட்டியே இணைத்துச் செல்லும். பாவட்டையின் இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை இலைக்குள் வாழும் பக்டீரியாக்களின் முடிச்சுகள், நோயன்று. தேக்கின் இளந்தளிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கை சிவக்கும்.

மூன்று இதயவடிவ இலைகள்

இந்த முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விரிவாகச் சொல்வது பயன்தரும். பூவரசு, அரசு, நீர்ப்பருத்தி ஆகிய மூன்றுக்கும் இதயவடிவான இலையும் நீண்ட காம்பும் உண்டு. மூன்றிலும் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகவே அமைந்திருக்கும். பெயரிலும் பூவரசும் அரசும் ஒட்டி நிற்கின்றன. ஆனால் அவ்விரண்டுக்குமிடையே நெருங்கிய உறவு எதுவும் இல்லை.

காம்பை முறித்தவுடன் அரசு தனியே பிரிந்துவிடும். அதில் வெள்ளைப் பால் கசியும். அதன் இலை நுனி வால்போல் நீண்டு தொங்கும், சிறு காற்றுக்கும் சலசலக்கும். கொப்பின் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும், தளிரை மூடியிருந்த உறை விழுந்த வளைய வடு தெரியும். கக்கங்களில் இரட்டையாக, காம்பின்றி ஒட்டிய சிறு பழங்கள் இருக்கும். இவ்வளவும் கூடி வந்தால் அரசு என்பதில் ஐயமில்லை.

எஞ்சிய இரண்டும் ஒரே குடும்பத்தவை. எனவே அவற்றைப் பிரிக்கக் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டின் பட்டையிலும் உறுதியான நார் உண்டு. இரண்டும் நடுவில் கருஞ்சிவப்புத் தோய்ந்த மஞ்சட் பூக்களைப் பூத்து, வாடும்போது அப்பூக்கள் சிவக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். நீர்ப்பருத்தியின் கீழ்ப்புறம் சாம்பல் கலந்த வெண்மையுடன் மெல்லிய மயிர் செறிந்து வெல்வெட்டுப் போல இருக்கும். பூவரசின் கீழ்ப்புறம் மேற்புறத்தைப் போலவே பச்சையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். காய் இருந்தால் முடிவு இன்னும் எளிது. பூவரசின் காய் சற்றுத் தட்டையான உருண்டையாக இருந்து, காய்ந்து கறுத்த பின்னும் வெடிக்காமல் நெடுநாள் கொப்பிலேயே தங்கும். பச்சைக் காயைக் கீறினால் மஞ்சட் சாறு வரும். நீர்ப்பருத்தியின் காய் முற்றியதும் ஐந்தாகப் பிளக்கும். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய தலைமுறைக்கு அதன் இலையின் மென்மை விரலிலேயே நினைவிருக்கும். அந்த நினைவும் ஒரு சான்றுதான், ஆனால் காயைப் பார்க்கும் வரை அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பட்டை

பட்டையைப் பார்க்கும்போது முதிர்ந்த அடிமரத்தையும் மேலேயுள்ள இளங்கொப்பையும் ஒப்பிட வேண்டும். இளமையில் வழுவழுப்பாக இருக்கும் பட்டை முதுமையில் வெடித்துச் சொரசொரப்பாகலாம். நாவலில் அடிமரம் கரடுமுரடாகவும் மேற்பகுதி ஓரளவு வழுவழுப்பாகவும் ஒரே மரத்திலேயே காணலாம். பட்டையைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பதைத் தவிருங்கள். உரிந்து விழுந்த துண்டும், ஏற்கெனவே முறிந்த கொப்பின் காயமுமே வேண்டிய செய்தியைத் தரும்.

உரியும் பட்டைகள் எளிதானவை. கிளுவையின் பட்டை மெல்லிய தாள்போல உரிந்து, அதன் கீழே பச்சைநிறத் தண்டு தெரியும். கீறல் விழுந்த இடத்தில் மணமுள்ள பிசின் திரண்டிருக்கும். சீமைக்கிளுவை பெயரில் மட்டுமே அதன் உறவு. அதன் பட்டை தாள்போல உரியாது. இலையில் ஏழு முதல் பதினேழு வரை சிற்றிலைகள் இருக்கும். இளஞ்சிவப்புப் பூவுக்குப் பின் தட்டையான நெற்றுக் காய்க்கும். கொய்யாவின் பட்டை செம்பு நிறச் செதில்களாகக் கழன்று, கீழே பச்சை கலந்த வழுவழுப்பான தோலைக் காட்டும். மருதின் பட்டை வெளிர்சாம்பல் நிறமாகப் பெரிய தகடுகளாக உதிரும். அதன் அடியில் ஐந்து சிறகுகள் கொண்ட கட்டையான காய்கள் கிடந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

வெடிப்புள்ள பட்டைகளுக்குப் பாலையை முதற்பாடமாகக் கொள்ளலாம். கருஞ்சாம்பல் நிறமும், முதலையின் முதுகைப் போல ஆழமாகப் பிளந்த கட்டங்களும் அதன் அடையாளம். கொப்பு நுனியில் கூடிநிற்கும் தடித்த இலைகளின் முனை சற்றே உள்வாங்கி வெட்டுப்பட்டது போலிருக்கும். முறித்தால் பால் வரும். இலுப்பைக்கும் பாலும் நுனியில் கூடிய இலைகளும் உண்டு, ஆனால் அதன் இலை நீண்டு நுனி கூர்ந்திருக்கும். வீரையின் அடிமரம் உருண்டையாக இராமல் பள்ளமும் மேடுமாக வரித்து நிற்கும். நம் பழைய வீடுகளின் கதவுகளிலும் அலுமாரிகளிலும் மினுங்கும் மஞ்சள் மரம் முதிரை. அது உயிரோடு நிற்கும்போது தக்கைபோன்ற தடித்த மஞ்சள் சாயலுள்ள பட்டையையும், வரிசையாக அடுக்கிய பல சிறு சிற்றிலைகளையும் பார்க்க வேண்டும். பாலையையும் வீரையையும் முதிரையையும் பார்க்க வன்னிப் பக்கம் செல்வதே நல்லது.

முள்ளையும் பட்டையோடு சேர்த்தே படிக்கலாம். முள்முருக்கின் முள் பட்டையின் மேல் மட்டும் எழுந்த கருநிறக் கூம்பு. விரலால் அழுத்தினால் கழன்றுவிடும். இலந்தையின் முட்கள் இரட்டையாக வரும், ஒன்று நேராகவும் மற்றது கொக்கிபோல வளைந்தும் இருக்கும். உடையின் முள் வெண்மையாக நீண்டிருக்கும். அதன் முடி குடை விரித்தது போலத் தட்டையாகப் பரந்திருப்பதால் தூரத்திலேயே தெரியும். விடத்தலில் சிறுகொப்பின் முனையே முள்ளாகக் கூர்ந்திருக்கும், ஆதலால் முள்ளிலிருந்தே இலை முளைத்திருப்பதைக் காணலாம். காரைநகருக்குத் தன் பெயரைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் காரையில் இலைகளைப் போலவே முட்களும் எதிரெதிராக நிற்கும்.

நெடுந்தீவில் நிற்கும் பெருக்க மரத்தைப் பட்டையால் மட்டுமே அறிந்துகொள்ளலாம் என்று பலர் நினைப்பதுண்டு. வீங்கிப் பெருத்த அந்த அடிமரத்துக்கு இணை இங்கே வேறில்லை என்பதும் உண்மை. ஆயினும் விரல்கள் விரித்தாற் போன்ற அதன் ஐந்து முதல் ஏழு வரையான சிற்றிலைகள் இலவ மரத்தின் இலையை ஒத்திருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இலவின் அடிமரம் நேராக உயர்ந்து, கொப்புகள் அடுக்கடுக்காகக் கிடையாக நீட்டியிருக்கும். இளம் மரத்தில் முட்களும், முற்றிய காயில் பஞ்சும் இருக்கும். பெருக்கின் காய் பட்டுப்போன்ற மயிர் மூடி, கெட்டியான ஓட்டுடன் நீண்ட காம்பில் தொங்கும். ஆப்பிரிக்காவுக்குரிய அந்த மரம் வறண்ட காலத்தில் இலையை முற்றாக உதிர்த்துவிடும். எனவே இலையைக் காண விரும்புகின்றவர் மழைக்காலத்தையொட்டிப் போக வேண்டும்.

காயும் பழமும்

காய் எல்லாச் சான்றுகளிலும் வலியது, ஆனால் ஆண்டு முழுவதும் கிடைக்காது. வேப்பம்பூ சித்திரையையொட்டி உதிரும். பாலைப்பழம் வைகாசி, ஆனியிலும், நாவற்பழம் ஆடி, ஆவணியிலும், பனம்பழம் ஆவணி, புரட்டாசியிலும் விழும். மழையைப் பொறுத்து இவை முன்பின்னாகலாம். காய் இல்லாத காலத்தில் மரத்தின் அடியைக் கிளறிப் பாருங்கள். சென்ற பருவத்தின் கொட்டையோ நெற்றோ சருகுக்குள் பெரும்பாலும் கிடக்கும். ஆனால் அது அந்த மரத்திலிருந்துதான் விழுந்ததா என்பதை அண்ணாந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் வெளவாலும் காகமும் பழங்களைத் தூரத்துக்குக் கொண்டுசெல்லும்.

நெற்றுகளின் வடிவத்தைப் பழகிக்கொண்டால் முட்பற்றைகள் எளிதாகும். கருவேலத்தின் நெற்று மணிகளைக் கோத்தது போல இடையிடையே இறுகியிருக்கும். விடத்தலின் நெற்றுகள் முறுகிச் சுருண்டு கொத்தாகத் திரண்டிருக்கும். கொடுக்காய்ப்புளியின் நெற்று வளையமாகச் சுருண்டு, உள்ளே வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சதையும் கரிய விதையும் இருக்கும். அதன் ஒவ்வொரு இலையும் நான்கே நான்கு சிற்றிலைகளாக முடிவது இன்னொரு நல்ல அடையாளம்.

விளாத்தியும் வில்வமும் ஒரே குடும்பத்தவை, இரண்டுக்கும் முள்ளும் கெட்டியான ஓடும் உண்டு. வில்வம் மூன்று சிற்றிலைகளைக் கொண்டது; அதன் ஓடு வழுவழுப்பானது. விளாத்தியின் ஈர்க்கு இரு பக்கமும் சற்று விரிந்து சிறகு கட்டியது போலிருக்கும், சிற்றிலைகள் ஐந்து அல்லது ஏழு. ஓடு வெண்சாம்பல் நிறமாகச் சொரசொரப்பாக இருக்கும்.

பனையை அறியாதவர் எவரும் இங்கே இல்லை. ஆனால் அது ஆண்பனையா பெண்பனையா என்பதை வடலியில் எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பாளை வந்த பின்னரே தெரியும். ஆண்பனையின் பாளை விரல்போன்ற நீண்ட கதிர்களைக் கொண்டிருக்கும். பெண்பனையில் குலை தொங்கும். பழத்தினுள்ளே பெரும்பாலும் மூன்று கொட்டைகளும், சில வேளை இரண்டோ ஒன்றோ இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பெயர் உறுதியாகாத எந்தக் காயையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. நம் வேலிகளிலும் முற்றங்களிலும் நிற்கும் மஞ்சள் அலரியின் விதை உயிரைப் பறிக்கும் நஞ்சுடையது. ஒடுங்கி நீண்ட இலைகள் கொப்பைச் சுற்றி நெருக்கமாக வரும். முறித்தால் பால் வரும். காய் பச்சையாக இருந்து கறுக்கும். கணுவுக்கு மூன்று இலைகளாக வரும் செவ்வலரியும் நஞ்சே. பால் வரும் எதனைத் தொட்டாலும், குறிப்பாக எருக்கையும் கள்ளியையும் தொட்டால், கண்ணைக் கசக்குமுன் கையைக் கழுவ வேண்டும்.

கடலேரியின் ஓரத்தில்

கரையோரச் சேற்றில் வேரே முதற்சான்றாகும். கண்டல் மரம் அடிமரத்திலிருந்து வளைந்திறங்கும் முட்டுவேர்களில் நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். வெண்கண்டலின் அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டது போல மூச்சுவேர்கள் மேலெழும். இலையின் கீழ்ப்புறம் வெளிறியிருக்கும், மேற்புறத்தை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும். இவ்விரு வேர்களும் இன்றி, முதிர்ந்த இலைகள் செந்நிறமாகி உதிர்ந்து கிடந்தால், அது தில்லையாக இருக்கக்கூடும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையை முறிக்காமல் பார்த்தறிவதே முறை.

பற்றைகளுக்குள் இறங்குமுன் அவ்விடத்தைப் பற்றி ஊரவரிடம் கேட்டறிய வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எந்த இலைக்காகவும் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

பெயரும் குறிப்பும்

ஊர்ப்பெயர் பல மரங்களைக் குறிக்கலாம். பாலை என்று நாம் சொல்லும் மரம் மணில்கரா ஹெக்சாண்ட்ரா. வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு குடும்பத்து மரங்கள். பால் வடிவதே இவற்றை ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்தது போலும். ஆகவே குறிப்பெழுதும்போது ஊர்ப்பெயரோடு தாவரவியற் பெயரையும் எழுதிவைத்தால், மன்னாரிலோ மட்டக்களப்பிலோ வேறு பெயரால் அழைப்பவரோடும் பேச முடியும். ஊர்ப்பெயர்களின் மதிப்பு இதனாற் குறைவதில்லை. நெல்லியடி, வேம்படி, நாவற்குழி, புளியங்கூடல், மருதங்கேணி, தாழையடி என்று நம் இடங்களே மரங்களின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அவ்வூர்களில் இன்று அந்த மரம் நிற்கின்றதா என்று தேடிப்பார்ப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான பயிற்சி.

கைபேசியிற் படமெடுப்பவர் முழு மரத்தை ஒரு படமாக எடுத்து நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் பயன் குறைவு. இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், இலை கொப்போடு சேரும் கணு, நெஞ்சுயரத்தில் உள்ள பட்டை, காய் அல்லது பூ என ஐந்து படங்கள் வேண்டும். அருகே ஒரு நாணயத்தை வைத்தால் அளவு விளங்கும். பாலையும் மணத்தையும் படம் காட்டாது, அவற்றை எழுத்தில் குறிக்க வேண்டும். ஓர் இலைக்கொப்பைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் புத்தகங்களால் அழுத்தி, ஈரம் உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்றினால், அது பல்லாண்டு இருக்கும். நாளும் இடமும் எழுதாத கொப்பு வெறும் சருகே.

மூன்று சான்றுகள் கிடைக்காத மரத்துக்குக் குறிப்பேட்டில் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விடுங்கள். மரம் இருக்கும் ஒழுங்கையின் பெயரையும், இதுவரை கண்ட அடையாளங்களையும் எழுதி, காய்க்கும் மாதம் வந்ததும் திரும்பவும் அங்கே போய்ப் பாருங்கள்.